முறை வைக்காத வீடு

வீரபத்திரன் அந்தப் புத்தகத்தைத் தறியில் நெய்த துணியை அறுக்கிற கத்தியால்தான் வெட்டினார். அட்டையிலிருந்து அட்டை வரை விரலால் தடவிப் பருமனை நிதானித்து, நடுவில் நகத்தால் ஒரு குறி வைத்து, முதுகுத் தையலில் கத்தியை இறக்கினார். சத்தமே இல்லாமல் அது இரண்டாகப் பிரிந்தது.

"மொத பாதி உனுக்கு, பின் பாதி என் பையனுக்கு. கூடக்கொறைய இருந்தா சொல்லும்மா, ஒரு காயிதம் கிழிச்சுத் தரேன்" என்றார் அம்சாவிடம்.

அம்சாவும் பக்கத்து வீட்டு வீரபத்திரனின் மகன் இளங்கோவனும் தபால் வழியில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இது முதல் தடவை. அவன் ஏற்கெனவே ஒருமுறை எழுதித் தவறியவன். செப்டம்பரில் தேர்வு. தமிழுக்குத் துணைப்பாடமாக ஒரு நாவல் வைத்திருந்தார்கள். எழுதிப் போட்டு எழுதிப் போட்டு, கடைசியில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பிரதிதான் வந்து சேர்ந்தது. பட்டணத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் மாலதி என்கிற பெண்ணும் சேகர் என்கிற பையனும், நடுவில் ஒரு செம்பருத்தி வேலி, முதல் காதல். கதை இதுதான் என்று சொன்னபோது அம்சாவின் அம்மா கன்னியம்மாள் நம்பவில்லை.

"இதுக்கெல்லாமா மார்க்கு போடுறான்?"

பாதிகளைப் படித்து முடித்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று அம்சா நினைத்திருந்தாள். கன்னியம்மாள் ஒப்பவில்லை. வயசுப் பெண்ணும் பையனும் புத்தகம் மாற்றிக்கொண்டால் உள்ளே என்ன செருகியிருக்கும் என்பதை அவள் டூரிங் கொட்டகையில் நிறையப் பார்த்திருந்தாள்.

"புஸ்தகம் கை மாறக் கூடாது. அவன் பாதில இருக்கறத அவன் வாயால சொல்லட்டும். உன் பாதிய நீ சொல்லு. எதுவா இருந்தாலும் தெருவுல நின்னு பேசுங்க. நாலு பேர் காதுல உழட்டும்."

நாவல் தெருவுக்கு வந்தது இப்படித்தான்.

மலையடியில் இருந்த அந்தத் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். விடிந்து வெயில் ஏறுவதற்குள் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டு வாரி உலர்த்திவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை அல்ல. இன்றைக்கு ஒருவர் பாவு என்றால் நாளைக்கு இன்னொருவருடையது. எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வருவார்கள். அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவது அம்சாவின் வேலை. பாவின் மறுபக்கம் இளங்கோவனுக்கும் அதே வேலை. நடுவில் விறைத்து நிற்கும் நூல் வரிசைக்கு மேலாக அவளுக்கு அவனுடைய நெற்றியும் கண்ணும் மட்டும் தெரியும். அப்படி நின்றுகொண்டு அவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் சொன்னார்கள். தெரு கேட்டது.

"மாலதி மாடிப்படில நின்னுகினு அவன் சைக்கிள் வர்றதப் பாக்குது" என்றாள் அம்சா.

"அந்தப் பொண்ணுக்கு வூட்ல வேல வெட்டி கெடையாதா?" என்று கேட்டார் பஞ்சாட்சரம். அவர் அம்சாவின் அப்பாவுக்குப் பெரியப்பா மகன், அவளுக்குப் பெரியப்பா முறை. கஞ்சி தடவும்போது அவர் கையைவிட வாய் வேகமாக ஓடும்.

"வேலக்காரி இருக்கா பெரிநைனா."

"அதான் லவ்வு வருது."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அம்சா சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்றில்லை. சைக்கிள் மணி கேட்டதும் மாலதியின் உள்ளங்கை குளிர்ந்துபோனது என்று அடுத்த வரியில் இருந்தது. அதைத் தெருவில் சொல்வதா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. அந்தப் பக்கம் இளங்கோவன் ஒரு முடிச்சை முடித்துவிட்டு அடுத்த இழைக்குப் போகாமல் நின்றான். பிறகு போனான். அவர்களுக்குள் பேச்சைவிட இப்படி நிற்கிற நேரமே அதிகம். அம்சாவுக்கு அது பிடித்திருந்தது. அது என்ன வகைப் பிடித்தம் என்று அவள் அதுவரை தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

சில நாள் போனதும் தெருவில் எல்லோருக்கும் கதை பழகிவிட்டது. தண்ணீருக்கு நிற்கும்போதுகூட மாலதியைத் திட்டினார்கள். ஒருநாள் காலை பஞ்சாட்சரம் கையை நிறுத்திவிட்டு, ரொம்ப நேரமாக மனதில் இருந்ததைக் கேட்பவர் போலக் கேட்டார்.

"அது சரி, அந்தப் பொண்ணு அவன இன்னான்னு கூப்புடுது?"

"சேகர்னு கூப்புடும்."

"பேர் சொல்லியா?"

"ஆங்."

"அவன் பெரியவன்தான?"

"ரெண்டு வயசு பெரியவன்."

"அப்ப முறை இன்னா? அண்ணன் முறையா, கட்டிக்கிற பாவா முறையா?"

அம்சா படித்த பக்கங்களை நினைத்துப் பார்த்தாள். புத்தகத்தில் முறை என்று எதுவும் இல்லை. "அவங்க நைனா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் சார்னு கூப்புட்டுக்குவாங்க" என்றாள்.

"சார்னா அது ஒரு முறையா? பங்காளியா மாமன் மச்சானான்னே தெரியாம எப்டி இது சரி, இது தப்புன்னு சொல்றது? இந்தக் கதையே புரியல போ."

எல்லோரும் அதை ஆமோதித்தார்கள். தெருவில் ரத்த சம்பந்தம் இல்லாத வீடுகளுக்கு நடுவிலும் முறை உண்டு. ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்தால் முதல் கல்யாணத்திலோ காதுகுத்திலோ பெரியவர்கள் ஒருவரையொருவர் அண்ணன் என்றோ மாமன் என்றோ கூப்பிட்டுக்கொள்வார்கள். அன்றோடு அது நிலைத்துவிடும். அண்ணன் என்று கூப்பிட்டால் இரண்டு வீடும் பங்காளி வீடு. பிள்ளைகள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி, பெண் கொடுக்கவும் எடுக்கவும் முடியாது. மாமன் என்றால் கொடுக்கலாம், எடுக்கலாம். ஒருமுறை வாயிலிருந்து வந்ததை யாரும் திரும்ப எடுத்துக்கொண்டதில்லை.

அப்போதுதான் ஒரு பெண் குரல், யாரென்று அம்சா நிமிர்ந்து பார்ப்பதற்குள், "ஏம்மா, நம்ம இளங்கோவ நீ இன்னான்னு கூப்புடுற?" என்று கேட்டது.

பிரஷ் ஓடுகிற சத்தம் நின்றது. மலைமேல் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்சா அவனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாங்க' என்பாள், 'கேட்டீங்களா' என்பாள், பெரும்பாலும் சும்மா நிற்பாள். அவன் திரும்பிப் பார்ப்பான். வீரபத்திரன் குடும்பம் ஆர்.கே.பேட்டையிலிருந்து இங்கே வந்து ஆறு வருஷம் ஆகியும், இரண்டு வீட்டுக்கும் முறை வைக்கப்படவில்லை. அம்சாவின் அப்பா ராஜமாணிக்கமும் வீரபத்திரனும் கிட்டத்தட்ட ஒரே வயசு. யார் பெரியவர் என்று தெரியாது. அண்ணா என்று முதலில் கூப்பிடுகிறவர் சின்னவர் ஆகிவிடுவார் என்று இரண்டு பேரும் சும்மா இருந்துவிட்டார்கள். மாமன் என்று கூப்பிடவும் வழியில்லை. பெண் இருக்கிற வீடு அதைச் சொன்னால் பெண்ணைக் கொடுக்கிறேன் என்று சொல்வது போல, பையன் இருக்கிற வீடு சொன்னால் கொடு என்று கேட்பது போல. ஆகவே 'வாங்க', 'கேட்டீங்களா', 'வெயில் ஜாஸ்தி' என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் ஒன்று, வாசல் இரண்டு.

"அதுக்குப் படிக்கவே நேரமில்ல, கூப்புட எங்க நேரம்" என்று பஞ்சாட்சரமே பேச்சை மாற்றினார். ஆனால் யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் கன்னியம்மாள் கதவைச் சாத்தினாள்.

"இத பாரு. வர்ற வாரம் ஆடிக் கிருத்திகை. காவடி எடுத்துகினு கனகம்மாசத்திரத்துலருந்து உங்க அத்தைங்க, நான் பொறந்த ஊர்லருந்து என் சனம், எல்லாம் நம்ம வூட்லதான் வந்து எறங்கும். இந்தப் பேச்சு அதுங்க காதுல உழுந்தா ஊர் ஊராப் போவும். நாளைக்குக் காலைல பாவுல அவன அண்ணான்னு கூப்புடு. எல்லாரும் கேக்குற மாதிரி. முடிஞ்சுது கதை."

அம்சா சாத்திய கதவைப் பார்த்தாள்.

"இன்னா, நாக்குல எதுனா கட்டியா?"

"இல்லம்மா."

"மனசுல எதுனா இருக்கா?"

அதற்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அது பொய்யா என்று தெரியாததால் நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே ராஜமாணிக்கம் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். "அவசரம் இன்னா இப்போ" என்றார், யாரையும் பார்க்காமல்.

"நீங்க சும்மா இருங்க. நீங்க வாயத் தொறக்காததாலதான் இவ்ளோ தூரம் வந்து நிக்குது."

அவர் நாடாவை இழைகளுக்கு நடுவே எறிந்து நெய்யத் தொடங்கினார்.

அன்று பகல் முழுக்க அம்சா நாவலின் முதல் பாதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தபாலில் வந்த பாடக் குறிப்பில், 'மாலதி தன் மனத்தைத் தான் அறியும் இடத்தைச் சுட்டி விளக்குக' என்று ஒரு கேள்வி இருந்தது. கட்டாயம் வரும் என்று பக்கத்தில் கோடு போட்டிருந்தது. அந்த இடத்தை அவள் பலமுறை தேடியாகிவிட்டது. மாலதிக்குக் கை குளிர்கிறது, சோறு இறங்கவில்லை, வேலியோரம் நிற்கிறாள்; ஆனால் எந்த இடத்திலும் அவளுக்கு அது இன்னதென்று தெரியவில்லை. அம்சா தன் பங்குக்குத் தன்னைச் சோதித்துப் பார்த்தாள். கை சூடாகத்தான் இருந்தது. காலையில் பழையது நன்றாகவே இறங்கியது. இளங்கோவனைப் பற்றி நினைத்தால் அவன் முகம்கூட முழுசாக வரவில்லை, நூலுக்கு மேல் நெற்றியும் கண்ணும் மட்டும் வந்தன. அப்படியானால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

கொல்லைப்புறம் போய் யாரும் இல்லாத இடத்தில் சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தெருவில் எத்தனையோ பையன்களை அவள் அண்ணா என்று கூப்பிடுகிறாள். அப்போதெல்லாம் வாய் தானாக ஓடுகிறது. இவனுக்கு மட்டும் ஏன் ஓடவில்லை? காதலா, பழக்கமில்லாததாலா? இந்தப் புத்தகம் வந்திருக்காவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காதோ? மாலதியின் குழப்பத்தைப் படித்துப் படித்து அது தன்மேல் ஒட்டிக்கொண்டதோ? புத்தகத்தைத் தூக்கித் தூர வைத்தாள். குழப்பம் போகவில்லை. அது அவளுடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை, அப்படியும் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் வீரபத்திரன் வீட்டுப் பாவு. கன்னியம்மாள் வழக்கமாக வராதவள், அன்று வந்து தெருவின் நடுவில் நின்றாள். ராஜமாணிக்கமும் வீரபத்திரனும் ஆளுக்கொரு பக்கம் பிரஷ் பிடித்திருந்தார்கள். அம்சா எதையாவது பேசிக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தவள் போல அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"மாலதி தன் மனச தெரிஞ்சிகிற எடம் அந்தப் பாதில எங்க வருது?"

"இதுல இல்ல" என்றான் இளங்கோவன். "என் பாதி ஆரம்பிக்கும்போதே அதுக்குத் தெரிஞ்சிருக்கு. உன் பாதிலதான் இருக்கணும்."

"என் பாதி முடியிற வரைக்கும் அதுக்குத் தெரியல."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்."

"வீரபத்திரன் வெட்டும்போது கத்தில ஒட்டினு போயிருக்கும்" என்றார் பஞ்சாட்சரம். தெருவே சிரித்தது. வீரபத்திரன்கூடச் சிரித்தார். இளங்கோவன் சிரிக்காமல் அவளைப் பார்த்தான். நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்பது போலப் பார்த்தான்.

சிரிப்பு அடங்கியதும் கன்னியம்மாள் சொன்னாள்: "அம்சா, கஞ்சிக் குண்டான் அங்கயே நின்னுகினு இருக்குது பாரு. இப்டி எடுத்தாரச் சொல்லு. கூப்புடு."

குண்டான் இளங்கோவனின் காலடியில் இருந்தது. அவனாகவே குனிந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிரஷ்கள் நூலின் மேல் அப்படியே நின்றன. ஈரம் காய்ந்தால் பாவு வீணாகிவிடும் என்று தெரிந்தும் யாரும் கையை ஓட்டவில்லை.

"கூப்புடுடி."

ஒரு வார்த்தையைச் சொன்னால் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். பாவா என்று இன்னொன்றைச் சொன்னால் நடுத்தெருவில் நின்று தன்னைத்தானே கொடுத்துக்கொண்ட மாதிரி. இரண்டில் எது வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச நாள் கொடுத்தால் போதும் போலிருந்தது. ஆனால் அவர்கள் காத்திருந்தார்கள்.

"இளங்கோவன்" என்றாள்.

புத்தகத்தில் அந்தப் பெண் கூப்பிட்டது போலவே, வெறும் பெயர். அது தன் வாயிலிருந்து வந்தது என்பது காதில் விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பெரியவன் ஒருவனை, அதுவும் அவனைப் பெற்றவர் எதிரிலேயே, ஒரு பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அந்தத் தெரு கேட்டதில்லை. கன்னியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். யாரோ "கலி" என்று முணுமுணுத்தார்கள். இளங்கோவன் குண்டானைக் கையில் எடுத்தான். எடுத்தவன் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான்.

வீரபத்திரனின் முகம் கறுத்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்கு முன் ராஜமாணிக்கம் பிரஷைக் கீழே வைத்துவிட்டு நூலுக்கடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார்.

"அண்ணா" என்றார். "கொழந்த புஸ்தகத்தப் படிச்சிட்டு அதே நெனப்புல கூப்ட்டுடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

வீரபத்திரன் திறந்த வாயோடு அவரைப் பார்த்தார். ஆறு வருஷமாக வராத வார்த்தை. மெதுவாக அவருடைய தோள் இறங்கியது.

"இருக்கட்டும் தம்பி. நம்ம வூட்டுப் புள்ளதான" என்றார். "உடு."

"கடேசில ஒரு வழியா வாய்ல இருந்த கொழுக்கட்டய முழுங்கிட்டீங்களே" என்றார் பஞ்சாட்சரம். பிரஷ்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

அம்சா தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார், அதில் சந்தேகமில்லை. திரும்பி வரும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லாமல் வைத்திருந்தது வயசுக் கௌரவத்துக்காகத்தானா, வேறு எதற்காகவாவதா என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கேட்க முடியாத கேள்வி. அவர் பிரஷை எடுத்து, காய்ந்துபோன இடத்தில் தண்ணீர் தெளித்து, மறுபடியும் வாரினார்.

கன்னியம்மாளின் முகம் மத்தியானத்துக்குள் தெளிந்துவிட்டது. சாயங்காலம் அவளே சொன்னாள்: "இனிமே இன்னா, அண்ணன் தங்கச்சி. அங்க போயி ஒண்ணா ஒக்காந்து படிங்க. புஸ்தகத்தயும் எடுத்துகினு போ."

அம்சா முதல்முறையாகப் பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். வெளியே கிருத்திகைக்காகப் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். இளங்கோவன் தன் பாதியை அவள் பக்கம் நகர்த்தினான், அவள் தன்னுடையதை அவன் பக்கம். விரல் பட்டால்கூட இனி யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். படவில்லை. அவள் அவனுடைய பாதியின் முதல் பக்கத்தைப் படித்தாள். அவன் சொன்னது சரிதான். மாலதி எல்லாம் தெரிந்தவளாகப் பேசிக்கொண்டிருந்தாள். எப்போது தெரிந்தது என்று அங்கேயும் இல்லை.

ரொம்ப நேரம் இருவரும் பேசவில்லை. தெருவில் நூலுக்கு இருபுறமும் நின்றபோது இருந்த மௌனம் மாதிரி இது இல்லை. அதில் ஏதோ இருந்தது. இதில் என்ன இருக்கிறது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பேர் சொல்லிக் கூப்ட்ட?" என்று கேட்டான்.

"தெரியல."

"நீ கூப்ட்டப்ப வேற யாரையோ கூப்புடுறன்னு நெனச்சேன்."

"யார?"

"தெரியல" என்றான் அவனும். பக்கத்தைத் திருப்பினான். கொஞ்சம் கழித்து, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றான், புத்தகத்தில் இருப்பதைப் படிப்பவன் போல.

அம்சா எழுந்தாள். இருட்டுவதற்குள் போக வேண்டும். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த வீரபத்திரன் அவளைப் பார்த்ததும், புதிதாகப் பெரியவரானவரின் சந்தோஷத்தோடு, "இன்னாம்மா, அண்ணங்கிட்ட சொல்லிகினியா?" என்றார்.

அவள் வீட்டின் உள்பக்கம் திரும்பி நின்றாள்.

"வரேண்ணா" என்றாள்.

வந்துவிட்டது. எந்தத் தடையும் இல்லாமல், ரொம்ப நாளாகச் சொல்லிப் பழகியது மாதிரி. கொல்லைப்புறத்தில் அத்தனை பாடுபடுத்திய வார்த்தை. அவன் அவளுக்கு எப்போதும் அதுவாகத்தான் இருந்தானோ, அதனால்தான் இவ்வளவு சுலபமாக வருகிறதோ? அல்லது தடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று காலையிலேயே போய்விட்டதோ? அவள் நிலைப்படியில் ஒரு காலை வைத்தபடி நின்று அதை யோசித்தாள். வீரபத்திரன் வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

உள்ளிருந்து, "ஆங்" என்றான் இளங்கோவன். தலையை நிமிர்த்தவில்லை.